கொடிமலையில் ஏன் குளிர்கிறது? பிள்ளைகளின் கேள்விகளுக்கு நம் ஊருக்குப் பொருந்தும் விடைகள்

பல ஆண்டுகளாக ஜூலை மாதத்தை ஒட்டி ஒரு வாட்ஸ்அப் செய்தி மலேசியாவில் சுற்றி வருகிறது. பூமி சூரியனை விட்டு வெகுதூரம் போகப் போகிறது, வழக்கமாக 90 மில்லியன் கிலோமீட்டராக இருக்கும் தூரம் 152 மில்லியனாகிவிடும், குளிர் கூடும், சளியும் இருமலும் வரும் என்று அதில் இருக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இதற்கு நேர்மாறான செய்தி வரும்: சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, வெப்பம் 40 டிகிரியைத் தொடும், நண்பகலில் வெளியே போகாதீர்கள். பெரியவர்கள் படித்துவிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைதான் நிறுத்திக் கேட்கிறது: "சூரியன் தூரமாப் போயிருச்சுன்னா இன்னைக்கு ஏம்மா இவ்ளோ வெயில்?"

அந்தப் பிள்ளை கேட்பது சரி. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சராசரித் தூரம் ஏறத்தாழ 150 மில்லியன் கிலோமீட்டர். ஜனவரித் தொடக்கத்தில் அது 147 மில்லியனாகக் குறையும், ஜூலைத் தொடக்கத்தில் 152 மில்லியனாகக் கூடும். வித்தியாசம் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 90 மில்லியன் கிலோமீட்டர் எந்த மாதத்திலும் கிடையாது. மைல் கணக்கில் சராசரித் தூரம் 93 மில்லியன் என்பதால், மைலையும் கிலோமீட்டரையும் யாரோ கலந்துவிட்டிருக்கலாம். பூமி மிகத் தொலைவில் இருக்கும் அந்த ஜூலையில்தான் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கோடைக்காலம்.

இந்தச் செய்தி நம்பப்படுவதற்குக் காரணம் "கிட்ட இருந்தால் சூடு, தூரமாக இருந்தால் குளிர்" என்ற எண்ணம். அடுப்படியில் அது உண்மை. வானத்துக்கு அதை அப்படியே நீட்டும்போதுதான் சிக்கல். பிள்ளைகளின் அறிவியல் கேள்விகளில் பல இப்படி ஓர் எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன. அதைத் தொடாமல் விடையை மட்டும் சொன்னால் விடை ஒட்டாது.

கேள்விக்குள் இருக்கும் எண்ணம்

ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூவர் என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் பூமியின் வடிவம் பற்றி விதவிதமாகக் கேள்வி கேட்டார்கள். "பூமி உருண்டை" என்று பள்ளியில் கேட்டிருந்த பிள்ளைகளில் சிலர் தட்டுபோல வட்டமாகவும் தட்டையாகவும் இருப்பதே பூமி என்று நினைத்திருந்தார்கள். சிலருக்குப் பூமி உள்ளே குடைந்த உருண்டை. மனிதர்கள் அதற்குள் சமதளத்தில் வாழ்கிறார்கள். இன்னும் சிலருக்கு இரண்டு பூமி: நாம் நிற்கும் தட்டைத் தரை ஒன்று, வானத்தில் தொங்கும் உருண்டை ஒன்று. இவர்களில் யாரும் ஆசிரியர் சொன்னதை மறுக்கவில்லை. கண்ணால் கண்ட தட்டைத் தரையையும் காதால் கேட்ட "உருண்டை"யையும் எப்படியோ இணைத்துக்கொண்டார்கள்.

ஆகவே எந்தக் கேள்வி வந்தாலும் இந்த வரிசை உதவும்:

1. "நீ என்ன நினைக்கிற?" என்று ஒரு முறை திருப்பிக் கேளுங்கள். சோதிக்கும் குரலில் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.
2. பிள்ளை சொன்னதில் எது சரியோ அதை முதலில் சொல்லுங்கள். அடுப்புக்குக் கிட்டப் போனால் சுடும் என்பது சரிதான்.
3. காரணத்தில் ஒரே ஒரு படி மட்டும் கீழே இறங்குங்கள். அடுத்த படியைப் பிள்ளை கேட்டால் அப்போது சொல்லலாம்.
4. நம் ஊரில் பார்த்தோ அளந்தோ சரிபார்க்க ஏதாவது கொடுங்கள்.

நான்காவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். இணையத்திலும் படப்புத்தகங்களிலும் கிடைக்கும் விடைகளில் பெரும்பகுதி லண்டன், நியூயார்க் வானத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகை வடக்கே இருக்கும் பினாங்கில் அவற்றில் பல தவறாகிவிடும்.

மேலே போனால் சூரியனுக்குக் கிட்டத்தானே?

பினாங்கின் கொடிமலை (Penang Hill) ரயிலில் ஏறிய பிள்ளைகள் பலரும் கேட்கும் கேள்வி இது. "மேல போனா சூரியன் கிட்ட வந்துருமே, அப்புறம் ஏம்ப்பா குளுருது?"

முதலில் அளவு. கொடிமலையின் உச்சி 833 மீட்டர். சூரியன் 150 மில்லியன் கிலோமீட்டர். உச்சிக்கு ஏறியதால் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 180 மில்லியனில் ஒரு பங்குதான் குறைந்தது. கிட்டப் போனது உண்மை. அது எந்த மாற்றத்தையும் தராத அளவு சிறியது.

இனி காரணம். சூரிய ஒளியில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்காமல் கடந்து தரைக்கு வந்துவிடுகிறது. தரை அதை உள்வாங்கிச் சூடாகிறது, தரையைத் தொடும் காற்று தரையால் சூடாகிறது. தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வெறுங்காலில் நடப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை: உள்ளங்கால் படும் தார்ச்சாலை தாங்க முடியாத சூட்டில் இருக்கும், முகத்தில் படும் காற்று அந்தச் சூட்டில் இருக்காது. காற்றுக்கு அடுப்பு கீழே இருக்கிறது.

சூடான காற்று மேலே எழுகிறது. மேலே அழுத்தம் குறைவு, ஆகவே அது விரிகிறது. சுற்றியுள்ள காற்றைத் தள்ளித்தான் விரிய முடியும். அந்த வேலைக்குத் தன்னிடமுள்ள ஆற்றலையே செலவிடுவதால் குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 0.65 டிகிரி குறையும். 833 மீட்டருக்கு இது 5 டிகிரிக்குச் சற்று மேல். கீழே ஜார்ஜ்டவுனில் 31 டிகிரி என்றால் உச்சியில் 26-ஐ ஒட்டி இருக்கும்.

கூர்மையான பிள்ளை இதோடு விடாது. "மலை மேலயும் தரை இருக்கே, அது சூடாகாதா?" சூடாகும். வெயில் நேரத்தில் மலையுச்சியின் பாறையைத் தொட்டால் தெரியும். ஆனால் அந்த உயரத்தில் இருக்கும் தரை மிகக் கொஞ்சம். சுற்றிலும் இருப்பது தரையைத் தொடாத காற்று. உச்சித் தரை சூடாக்கிய காற்றைக் காற்றோட்டம் அடித்துக்கொண்டு போய், குளிர்ந்த காற்றை அந்த இடத்தில் வைக்கிறது. இவ்வளவும் சொல்ல வேண்டிய தேவை எல்லாப் பிள்ளைக்கும் வராது. வரும் பிள்ளைக்கு மறைக்கவும் கூடாது.

வீட்டில் சரிபார்க்க ஒரு சைக்கிள் பம்பு போதும். டயருக்கு வேகமாக 20, 30 தடவை காற்றடித்ததும் பம்புக் குழாயின் அடிப்பகுதியைத் தொடச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்: காற்றை நெருக்கினால் சூடாகும். "உரசினதால சூடாச்சு" என்று பிள்ளை வாதிடலாம். உரசல் குழாய் முழுவதும் நடக்கிறது. சூடு காற்று மிகவும் நெருக்கப்படும் அடிப்பகுதியில்தான் அதிகம். இரண்டு இடத்தையும் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு வால்வை அழுத்தி, விரிந்து வெளியேறும் காற்றில் விரலை வைத்தால் குளிர்ச்சி தெரியும்.

இந்த இடத்தில் பலர் வேறொரு செய்முறையைக் காட்டுவார்கள்: வாயைத் திறந்து "ஹா" என்று ஊதினால் சூடு, உதட்டைக் குவித்து "ஃபூ" என்று ஊதினால் குளிர்ச்சி, காற்று விரிவதால் அப்படி என்று. இது தவறு. குவித்து ஊதும்போது வேகமாகப் போகும் காற்று அறைக்காற்றையும் இழுத்துக் கலந்துகொள்கிறது. கையின் ஈரத்தையும் ஆவியாக்குகிறது. உதட்டை ஒட்டிக் கையை வைத்து "ஃபூ" என்று ஊதினால் சூடாகவே இருக்கும். விரிவதுதான் காரணமென்றால் அங்கேயும் குளிர வேண்டுமே.

அதே விடை இடியோசைக்கும் உதவும்

கோலாலம்பூரில் பிற்பகல் இடியைக் கேட்டு "மேகம் ரெண்டும் மோதிக்குது" என்று சொல்லாத குடும்பம் குறைவு. மோதல் நடப்பது உண்மை, ஆனால் மேகத்துக்கு உள்ளே. தரையில் 31 டிகிரி, ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறைகிறது என்று பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 5 கிலோமீட்டரை எட்டும்போது பூஜ்ஜியம் வந்துவிடும். நம் இடிமேகங்கள் 10 கிலோமீட்டரையும் தாண்டி வளர்பவை. ஆகவே கோலாலம்பூருக்கு மேலே, வெயில் நாளிலும், பனிக்கட்டி இருக்கிறது. எப்போதாவது ஆலங்கட்டி விழுவது அங்கிருந்துதான். மேகத்துக்குள் சிறு பனித்துகள்களும் கொஞ்சம் பெரிய பனிக்குருணைகளும் மோதி மின்னேற்றம் பிரிகிறது. அது மின்னலாகப் பாயும் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி வரை சூடாகி வெடித்தாற்போல விரிகிறது. அந்த விரிவின் ஒலி இடி.

மின்னல் தெரிந்ததும் நொடிகளை எண்ணி 3-ஆல் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். நம் வெப்பத்தில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் அளவில் போகிறது. வீட்டுக்குள் இருந்து எண்ண வேண்டும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, திடலில் நிற்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுப்பது பாதுகாப்பு.

பன்னிரண்டு மணிக்கு நிழல் ஏன் மறையவில்லை?

"உச்சி வெயிலில் 12 மணிக்கு நிழல் காலடியில் விழும்" என்று பாடத்தில் படித்த பிள்ளை, பினாங்கில் 12 மணிக்கு வெளியே நின்றால் மேற்கே சாய்ந்த நிழலைத்தான் பார்க்கும். பிள்ளை பார்த்ததில் பிழை இல்லை. நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது. அது சபாவையும் தாண்டிப் போகிறது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-இல் அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு சபா, சரவாக் நேரத்தோடு இணைந்தது. பினாங்கு இருப்பது 100.3 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் 79 நிமிடத் தாமதம். ஆகவே சராசரி உச்சிப்பொழுது 1:19. கோலாலம்பூரில் 1:13. பூமியின் சுற்றுப்பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இது ஆண்டுக்குள் முன்னும் பின்னும் கால் மணி நேரம் நகரும்.

இரண்டாவது சிக்கல், உச்சிப்பொழுதிலும் எல்லா நாளும் நிழல் மறையாது. சூரியன் நேர் தலைக்கு மேல் வருவது ஆண்டில் இரண்டு முறைதான்:

1. பினாங்கு: ஏப்ரல் 3, 4 வாக்கில், பிற்பகல் 1:22-ஐ ஒட்டி, மறுபடி செப்டம்பர் 8, 9 வாக்கில், 1:16-ஐ ஒட்டி.
2. கோலாலம்பூர்: மார்ச் 28, 29 வாக்கில், 1:18-ஐ ஒட்டி, மறுபடி செப்டம்பர் 14, 15 வாக்கில், 1:09-ஐ ஒட்டி.

அளக்க 1 மீட்டர் நேரான கம்பு, சமமான சிமெண்ட் தரை, சுண்ணக்கட்டி போதும். 12:45 முதல் 1:45 வரை 5 நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். மிகக் குறுகிய நிழல் விழுந்த நேரமே அன்றைய உச்சிப்பொழுது. பெரும்பாலும் கெடுப்பது கம்பின் சாய்வுதான்: ஒரு பாகை சாய்ந்தாலே நிழல் நுனி 1.7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நூலில் ஓர் இரும்பு நட்டை (nut) கட்டித் தொங்கவிட்டு, கம்பு அதற்கு இணையாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். சூரியன் புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலம் உள்ளதால் நுனி மங்கலாக, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பரவித்தான் விழும். மங்கலின் நடுவைக் குறியுங்கள். மேகம் மறைத்துவிட்டால் மறுநாளும் செய்யலாம், ஒரு நாள் தள்ளினால் வரும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும்.

இதே கம்பை டிசம்பர் 21 வாக்கிலும் ஜூன் 21 வாக்கிலும் நிறுத்தினால் இன்னொரு கேள்விக்கும் வழி திறக்கும். பினாங்கில் டிசம்பர் உச்சிப்பொழுதில் நிழல் 55 சென்டிமீட்டர், வடக்கு நோக்கி. ஜூனில் 32 சென்டிமீட்டர், தெற்கு நோக்கி! ஐரோப்பியப் புத்தகங்களில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே இருக்கும். இங்கே ஆண்டில் ஐந்து மாதத்துக்கும் மேல் அது வடக்கே நிற்கிறது.

"நமக்கு ஏன் குளிர்காலம் இல்ல?" என்ற கேள்விக்கு இப்போது விடை எளிது. பினாங்கில் நண்பகல் சூரியன் மிகத் தாழ்ந்து நிற்கும் டிசம்பரிலும் அடிவானிலிருந்து 61 பாகை உயரத்தில் இருக்கிறது. அதே நாளில் லண்டனில் 15 பாகை. தாழ்ந்து சாய்ந்து விழும் ஒளி அதிகப் பரப்பில் பரவிவிடும். லண்டனில் அன்று பகலே 8 மணி நேரத்துக்கும் குறைவு, நமக்கு 11 மணி 50 நிமிட அளவு. சாய்வும் பகலின் நீளமும்தான் பருவத்தை உண்டாக்குகின்றன, தூரம் இல்லை.

அப்படியானால் "சூரியன் உச்சிக்கு வருகிறது, 40 டிகிரி" என்ற செய்தி? உச்சிக்கு வருவது உண்மை, ஒவ்வோர் ஆண்டும் இரண்டு முறை நடப்பது. அது மட்டும் 40 டிகிரியைக் கொண்டுவராது. செப்டம்பரிலும் அதே சூரியன் அதே உச்சிக்குத்தான் வருகிறது. மலேசியாவின் உச்ச அளவாகப் பதிவான 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9-இல் பெர்லிஸ் சுப்பிங்கில் வந்தது. அது வலுவான எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) காலம், வறண்ட பருவம். மேகமும் மழையும் இல்லாமல் போனதுதான் அங்கே பெரிய காரணம்.

பாலத்தில் கூடவே வரும் நிலா

இரவில் காரில் பாலத்தைக் கடக்கும்போது "நிலா ஏன் நம்ம கூடவே வருது?" என்று பிள்ளை கேட்கும். பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். நிலா 384,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, அதன் விட்டம் மட்டும் 3,474 கிலோமீட்டர். பாலம் முழுவதையும் கடந்தாலும், அந்தப் பயணத்தால் நிலா இடம் மாறித் தெரிவது அதன் அகலத்தில் 250-இல் ஒரு பங்குகூட இல்லை. விளக்குக் கம்பங்கள் பின்னால் ஓடுகின்றன, நிலா ஓடவில்லை. ஆகவே கூட வருவதாகத் தோன்றுகிறது. பிறையைப் பற்றியும் ஒன்று: நம் ஊரில் மாலைப் பிறை பெரும்பாலும் படகுபோல் படுத்திருக்கும். பிள்ளை அப்படி வரைந்தால் திருத்தாதீர்கள்.

புகைமூட்டத்தில் நீலம் எங்கே போனது?

வானம் ஏன் நீலம் என்றால் "கடல் நீலம் அதுல தெரியுது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பினாங்கு ஃபெரிப் படகில் நின்று பார்த்தாலே போதும்: கீழே பழுப்பும் பச்சையும் கலந்த நீர், மேலே நீல வானம். உண்மைக் காரணம் காற்றின் மூலக்கூறுகள். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை அவை. அவ்வளவு சிறியவை குறுகிய அலைநீளத்தை மிக அதிகமாகச் சிதறடிக்கும். நீல ஒளி சிவப்பைவிட ஐந்தாறு மடங்கு அதிகம் சிதறி எல்லாத் திசையிலிருந்தும் கண்ணுக்கு வருகிறது.

தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் சுமத்ராவில் கரிநிலம் (peat, மட்கிய தாவரங்கள் நிறைந்த சதுப்பு மண்) எரியும்போது வரும் புகைத்துகள்கள் மூலக்கூறுகளைவிடப் பல நூறு மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் வானம் வெளுத்துவிடுகிறது. 2015-லும் 2019-லும் பள்ளிகள் மூடப்பட்ட நாள்களில் பிள்ளைகள் பார்த்த வெள்ளை வானம் அதுதான்.

செய்து காட்ட: ஒரு லிட்டர் தெளிந்த நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து, இருட்டறையில் கைப்பேசி விளக்கை ஒரு பக்கத்திலிருந்து அடியுங்கள். பாலைச் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொன்றையும் கலக்கிய பிறகே அடுத்ததாக விடுங்கள். பக்கவாட்டில் இலேசான நீலமும், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் விளக்கு மஞ்சளாகவும் தெரியும் கட்டம் வரும். அங்கே நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு ஒரு கரண்டி ஊற்றினால் எல்லாம் வெள்ளையாகிவிடும், ஏனென்றால் ஒளி பலமுறை சிதறி நிறங்கள் மறுபடி கலந்துவிடும். மஞ்சள் நிற விளக்கை வைத்தாலும் நீலம் தெரியாது. அதில் நீல ஒளி மிகக் குறைவு.

விடை கைவசம் இல்லாதபோது

கைப்பேசியில் தேடுவதிலோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்பதிலோ குற்றமில்லை. கேள்வியில் "பினாங்கில்" அல்லது "கோலாலம்பூரில்" என்று இடத்தைச் சேர்த்துக் கேளுங்கள். வந்த விடையில் மூன்றைப் பாருங்கள்:

1. அலகு எது: மைலா, கிலோமீட்டரா?
2. எந்த ஊர் வானத்துக்கு எழுதியது? "சூரியன் தெற்கே", "இலையுதிர் காலம்" போன்ற சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும்.
3. எப்படி நடக்கிறது என்று சொல்கிறதா, பெயரை மட்டும் சொல்கிறதா? "புவியீர்ப்பால் விழுகிறது" என்பது பெயர் வைத்ததோடு நின்றுவிடும்.

சில கேள்விகளுக்கு இன்னும் முழு விடை யாரிடமும் இல்லை. மேகத்துக்குள் மின்னலின் முதல் பொறி சரியாக எப்படித் தொடங்குகிறது என்பது அப்படி ஒன்று. மேகங்களுக்குள் அளந்த மின்புல வலிமை, காற்றை உடைத்து மின்சாரம் பாயத் தேவையான அளவைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. ஆய்வாளர்கள் பனித்துகள்களின் முனைகளையும் விண்வெளியிலிருந்து வரும் துகள்களையும் சந்தேகிக்கிறார்கள். இடி பற்றிக் கேட்டுக்கொண்டே போகும் பிள்ளை ஐந்தாறு "ஏன்"களில் இந்த இடத்துக்கு வந்துவிடும். அப்போது "இதை இன்னும் கண்டுபிடிச்சிட்டிருக்காங்க" என்பதுதான் சரியான விடை.